ஸ்பெக்ட்ரோமீட்டரில் கிரேட்டிங்கை ஒளிக்குச் செங்குத்தாக நிறுத்துவது எப்படி

பிஎஸ்சி ஆய்வகத்தில் கிரேட்டிங் (நெருக்கமான இணைக்கோடுகளால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு) சோதனைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால், ரீடிங் எடுக்க நாற்பது நிமிடம் போதும். மற்ற நேரம், ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிப்படுத்துவதற்கு. முந்தைய பேட்ச் எல்லாம் சரிசெய்து வைத்திருக்கும் என்று நம்பிப் பலர் நேரே ரீடிங்கில் இறங்குகிறார்கள். இந்தச் சோதனையில் விடை பிசகுவது பெரும்பாலும் அங்கேதான்.

உள்ளே வந்ததும் மெர்குரி விளக்கைப் போட்டுவிடுங்கள். முழு வெளிச்சத்துக்கு வர 5 முதல் 10 நிமிடம் ஆகும். நடுவில் அணைத்தால், சூடு தணியும்வரை மறுபடி எரியாது. ஆகவே கடைசி ரீடிங் வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.

விளக்கு சூடாகும் நேரத்தில் தொலைநோக்கியைப் பாருங்கள். முதலில் கண்ணருகு லென்ஸை முன்பின் நகர்த்திக் குறுக்குக் கம்பிகளைத் தெளிவாக்க வேண்டும். பிறகு ஜன்னல் வழியே தூரத்து மரத்தையோ கம்பத்தையோ பார்த்துத் திருகால் குவியுங்கள். தலையைச் சற்று இடம் வலமாக அசைத்தால் கம்பியும் மரமும் ஒட்டியே நகர வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் குவியம் இன்னும் சரியில்லை. இனி அந்தத் திருகை யாரும் தொடக்கூடாது. கூட்டாளி பார்க்கும்போது அவர் கண்ணுக்கு மங்கலாக இருந்தால், அவர் மாற்ற வேண்டியது கண்ணருகு லென்ஸை மட்டும். விளக்கின் ஒளி நுழையும் பிளவு தெளிவாகத் தெரியாவிட்டால், அந்த ஒளியை இணைக்கதிர்களாக்கும் குழாயான இணையாக்கியின் திருகைத் திருப்புங்கள். பிளவு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது, கோடு கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

அடுத்தது வெர்னியர், அதாவது முதன்மை அளவுகோலின் பிரிவையும் நுணுக்கமாகப் படிக்க உதவும் துணை அளவுகோல். வழக்கமான கருவியில் முதன்மை அளவுகோலின் ஒரு பிரிவு அரை பாகை, வெர்னியரில் 30 பிரிவுகள், மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய கோணம்) 1', அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. தொலைநோக்கியை இணையாக்கிக்கு நேர்க்கோட்டில் வைத்துப் பிளவின் பிம்பத்தைச் செங்குத்துக் கம்பியில் நிறுத்தி ரீடிங் எடுங்கள். அங்கிருந்து தொலைநோக்கியைச் சரியாக 90° திருப்பி இறுக்கிவிடுங்கள். கிரேட்டிங்கை விளிம்பில் மட்டும் பிடித்து மேசையில் பொருத்துங்கள். மேசையின் இரண்டு மட்டத் திருகுகளை இணைக்கும் கோட்டுக்கு அது குறுக்காக நிற்கட்டும். முகத்தில் விரல் பட்டால் துடைக்க முயலாதீர்கள்: பெரும்பாலானவை மெல்லிய படலத்தில் எடுத்த நகல்கள், துடைத்தால் கோடுகள் அழியும்.

மேசையை மெல்லத் திருப்பினால் கிரேட்டிங்கில் பட்டுத் திரும்பும் பிம்பம் தொலைநோக்கிக்குள் வரும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ தனி நிறத்தில் தெரிவது கிரேட்டிங் பிரித்த விளிம்பு விளைவுக் கோடு. நமக்கு வேண்டியது நிறம் பிரியாத வெளிர் பிம்பம். அதைக் கம்பியில் நிறுத்துங்கள். பிம்பம் மேலோ கீழோ தள்ளியிருந்தால், மேலே சொன்ன இரண்டு திருகுகளில் ஒன்றால் நடுவுக்குக் கொண்டுவரலாம். இப்போது கிரேட்டிங் ஒளிக்கு 45° சாய்ந்திருக்கிறது. மேசையை வெர்னியரோடு சேர்த்து 45° திருப்பி இறுக்கினால் செங்குத்து ஆகிவிடும். எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் கிரேட்டிங்கின் விளிம்புதான் ஒளியைப் பார்க்கும், நிறமாலையே வராது.

ஒரு பக்கத்துக் கோடுகள் மேலேறியும் மறுபக்கம் கீழிறங்கியும் தெரிந்தால், கிரேட்டிங் தன் தளத்துக்குள்ளேயே சாய்ந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது திருகு இருப்பது இதற்குத்தான்.

இனி ரீடிங். தொலைநோக்கியை இறுக்கிய பிறகே நுண்திருகு வேலை செய்யும். எந்தக் கோட்டுக்கும் ஒரே திசையிலிருந்து நெருங்குங்கள், திருகின் தளர்வு அளவீட்டில் ஏறாது. இரண்டு வெர்னியர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவுகோலின் மையமும் சுழற்சியின் மையமும் ஒன்றாக இல்லாததால் வரும் பிழை, இரண்டின் சராசரியில் நீங்கிவிடும். அதே வெர்னியரின் இடது, வலது ரீடிங் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் கோணம் கிடைக்கும். இடையில் 360° தாண்டியிருந்தால் சிறிய எண்ணோடு 360 கூட்டிக்கொள்ளுங்கள்.

கோணத்தின் சைன் = ஒரு மீட்டரிலுள்ள கோடுகள் × வரிசை (நடுவிலிருந்து எத்தனையாவது நிறமாலை என்ற எண்) × அலைநீளம். அங்குலத்துக்கு 15,000 கோடுகள் என்றால் மீட்டருக்கு சுமார் 5,90,550. இந்தக் கிரேட்டிங்கில் முதல் வரிசையில் எதிர்பார்க்க வேண்டியவை: ஊதா 404.7 நானோமீட்டர், 13°50', நீலம் 435.8, 14°55', பச்சை 546.1, 18°49', மஞ்சள் இரண்டு, 577.0 மற்றும் 579.1, 19°55' மற்றும் 20°00'. அந்த நீலக் கோட்டைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். 1928இல் ராமனும் கிருஷ்ணனும் கல்கத்தாவில், பின்னர் ராமன் விளைவு எனப்பட்ட புதிய ஒளிச் சிதறலை ஆராய்ந்தபோது பயன்பட்ட பாதரச ஒளியில் முக்கியமானது இதே 435.8தான்.

எதிர்பார்க்கும் கோணங்கள் தெரிந்திருப்பது ரீடிங்கைத் திருத்தி எழுதுவதற்காக அல்ல, பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதற்காக. பச்சைக் கோட்டில் கோணம் 1' பிசகினால் அலைநீளம் ஏறக்குறைய அரை நானோமீட்டர் மாறும். விடை 553 அல்லது 539 என்று வந்தால், முதன்மை அளவுகோலில் ஒரு அரைப் பாகையை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள். ஒரு வெர்னியரில் மட்டும் விட்டிருந்தால், இரண்டு வெர்னியர்களுக்கும் இடையே 180° இருக்க வேண்டிய இடைவெளி அந்த வரியில் மட்டும் 30' விலகிக் காட்டிக்கொடுக்கும்.

நேர் ரீடிங்கிலிருந்து (மேசையை இறுக்கிய பின் பிளவை நேரே பார்த்து எடுப்பது) இடப்பக்கக் கோணத்தையும் வலப்பக்கக் கோணத்தையும் தனித்தனியே கணக்கிட்டும் பாருங்கள். பச்சைக்கு இரண்டும் 7' வேறுபட்டால் கிரேட்டிங் சுமார் 1° சாய்ந்திருக்கிறது. சராசரி எடுக்கும்போது இது கிட்டத்தட்ட மறைந்துவிடும், பயப்பட வேண்டாம். வேறுபாடு அரைப் பாகையைத் தாண்டினால் சாய்வு 5° அளவுக்குப் போயிருக்கும், விடையில் 2 நானோமீட்டருக்கு மேல் கூடிவிடும். அந்த ரீடிங்கை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, 90° திருப்புவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அடித்த ரீடிங்கை அழிரப்பரால் அழிக்காதீர்கள். என்ன தவறியது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சொல்வதற்கு அதுவே போதும்.