கிளாரினெட்டும் சிம்பலோமும்: முதல் டூயட் எழுதுவது எப்படி

சிம்பலோம் சந்தூருக்கு உறவுக்கார வாத்தியம். கால் வைத்த மேசை அளவில் இருக்கும், பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளால் அடிப்பார்கள். 1874 வாக்கில் புடாபெஸ்டில் ஷுண்டா என்பவர் இதற்கு பெடல் பொருத்தினார். அதை மிதித்தால் ஒலி நீளும், விட்டால் அடங்கும்.

அடித்த நொடியிலேயே இதன் ஒலி தேயத் தொடங்கும். கிளாரினெட்டோ காதுக்கே எட்டாத மென்மையில் தொடங்கி வளரும். இந்த முரணை வைத்துத்தான் எழுத வேண்டும்.

1. முதலில் அளவெடுங்கள். பெடலை மிதித்தபடி டி3, ஏ3, டி4, ஏ4 ஆகிய ஸ்வரங்களைத் தனித்தனியாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள் (எண் ஸ்தாயியைக் குறிக்கும்; பியானோவின் நடு சி என்பது சி4). எது எத்தனை நொடியில் பாதியாகத் தேய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழ் ஸ்தாயி நீண்டு நிற்கும், மேல் ஸ்தாயி சட்டென்று அடங்கிவிடும்.

2. 4/4 தாளம் (ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு அடி), நிமிடத்துக்கு 60 அடி, 30 பார். சரியாக 2 நிமிடம். முதல் முயற்சிக்கு அதுவே அதிகம்.

3. முதல் பாரில் சிம்பலோம் ஏ3 அடிக்கட்டும். மூன்றாம் அடியில் கிளாரினெட் அதே ஸ்வரத்தில் மிக மென்மையாக நுழைந்து மூன்று பாருக்குள் வளரட்டும். தந்தி எங்கே முடிந்தது, குழல் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் போனால் சரியாக எழுதியிருக்கிறீர்கள். பி-ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும், அதனால் அதற்கான தாளில் இதை பி3 என்று ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுத வேண்டும். மறந்தால் முதல் ஒத்திகையே வீண்.

4. சிம்பலோமில் ஒரே அடியில் வளரும் ஒலியைக் கேட்காதீர்கள், அது நடக்காது. வளர வேண்டுமென்றால் ட்ரெமொலோ, அதாவது குச்சிகளை மாறி மாறி வேகமாக அடிப்பது, எழுதுங்கள். இரண்டு குச்சிக்கு இரண்டு ஸ்வரம்தான், மூன்றாவது சிதறித்தான் விழும். பியானோவைப் போலத் தந்திகள் வரிசையாக இல்லை. சில தந்திகளை நடுவே ஒரு பாலம் பிரிப்பதால், இருபுறமும் ஐந்தாம் ஸ்வர (ஸ–ப) இடைவெளியில் ஒலிக்கும். அதனால் அரை அரை ஸ்வரமாக வேகமாக ஏறும் வரிசை கையைக் குறுக்கும் நெடுக்கும் ஓடவைக்கும்.

5. நடுவில் 10 பார் பெடல் இல்லாமல். வறண்ட அடிகள், அவற்றுக்கு இடையில் குழலின் வெட்டு ஒலிகள். பெடல் எங்கே மாற வேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் குறியுங்கள். குறிக்காவிட்டால் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பிச் சேறாகும்.

6. சுருதியில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வீர்கள். நூற்றுக்கு மேல் தந்தி இருப்பதால் மேடையில் சிம்பலோமைத் திருத்த முடியாது. கிளாரினெட்தான் இணங்க வேண்டும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு சேருங்கள். ஏறியிருந்தால் ஊதுவாய்க்குக் கீழுள்ள பீப்பாயை 1 மில்லிமீட்டர் வெளியே இழுங்கள். கிளாரினெட் பலமாக ஊதினால் சுருதி இறங்கும், மென்மையாக ஊதினால் ஏறும். மூன்றாம் படியில் நாம் எழுதிய நுழைவு இருப்பதிலேயே மென்மையானது, அதனால் இரண்டு சுருதியும் ஒட்டாமல் ஒலி அலையடிப்பது அங்கேதான் கேட்கும். ஆகவே அந்த மென்மையிலேயே ஊதிச் சுருதி பாருங்கள். கீழுதட்டுப் பிடியைச் சற்றுத் தளர்த்தினாலும் இறங்கும்.

7. குச்சி நுனி கிளாரினெட்காரர் கண்ணில் படும்படி உட்காருங்கள். கை இறங்குவதைப் பார்த்தால்தான் மூச்சைச் சரியாக எடுக்க முடியும்.

8. கடைசி 4 பாரில் முறையைத் திருப்புங்கள். குழல் நின்ற கணத்தில் அதே ஸ்வரத்தைத் தந்தி வாங்கிக்கொள்ளட்டும். அதன்மேல் ‘ஒலி அடங்கும்வரை பெடல்’ என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பார் கோடு வந்ததும் கால் எடுத்துவிடுவார்கள்.