தடித்த எழுத்து தலைப்பு ஆகாது: எச்டிஎம்எல்லில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லைப் புதிதாக எழுதுபவர்களின் பக்கங்களைத் திருத்தும் வேலை அடிக்கடி என் தலையில் விழுகிறது. நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்த அதே கோளாறுகள்தான், ஆள் மட்டும் வேறு. டேக்கை (இது பத்தி, இது தலைப்பு என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி) மூட மறப்பது, டேக் பெயரைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை இங்கே எடுக்கப்போவதில்லை. அவை உடனே கண்ணில் படும், அன்றே சரியாகிவிடும். பக்கம் திரையில் அழகாகவே தெரிந்து, ஒரு வருஷம் கழித்து வேறு யாரையோ படுத்தி எடுக்கும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இது.

## தடித்த எழுத்தைத் தலைப்பாக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அதனால் இதில் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறேன்.

கட்டுரைக்கு ஒரு துணைத்தலைப்பு வேண்டும். இரண்டாம் நிலைத் தலைப்புக்கான எச்2 டேக் போட்டால் எழுத்து ரொம்பப் பெரிதாக வருகிறது, மேலும் கீழும் இடம் விடுகிறது. பிடிக்கவில்லை. உடனே பத்திக்கான பி டேக்கைத் திறந்து, அதற்குள் அழுத்திச் சொல்வதற்கான ஸ்ட்ராங் டேக் போட்டு, தலைப்பை எழுதி, எழுத்தளவு 20 பிக்சல் என்று ஸ்டைலில் சேர்த்துவிடுகிறார்கள். பார்ப்பதற்குத் தலைப்பேதான். பிரவுசருக்கோ அது இன்னொரு பத்தி, முழுக்க அழுத்திச் சொல்லப்பட்ட பத்தி.

ஒருமுறை ஒரு நிறுவனத்தின் உதவிப் பக்கங்களைப் புதிய தளத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பொருளடக்கம் வேண்டும் என்றார்கள். எச்2, எச்3 ஒழுங்காக இருந்தால் இது சின்ன ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல்: தலைப்புகளைத் திரட்டு, ஆளுக்கொரு ஐடி (அடையாளப் பெயர்) கொடு, இணைப்புப் போடு. ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலான பக்கங்களில் ஒரு தலைப்புகூடச் சிக்கவில்லை. எல்லாம் தடித்த பத்திகள்.

சரி, முழுக்க ஸ்ட்ராங்காக இருக்கும் பத்தியைத் தலைப்பாக எடுத்துக்கொள் என்று ஸ்கிரிப்டை மாற்றினேன். ‘இந்த நேரத்தில் கணினியை அணைக்காதீர்கள்!’ என்ற எச்சரிக்கை பொருளடக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நீளத்தைப் பார்த்து வடிகட்டினால், நீளமான நல்ல தலைப்புகள் காணாமல் போயின. எழுத்தளவை வைத்துப் பிடிக்கலாம் என்றால், ஒருவர் 20 பிக்சல், இன்னொருவர் 1.3 இஎம் (சுற்றியுள்ள எழுத்தைப் போல 1.3 மடங்கு), வேறொருவர் எழுத்துருவுக்கான பழைய ஃபான்ட் டேக்கில் சைஸ் 4. கடைசியில் பக்கம் பக்கமாகத் திறந்து, படித்துப் பார்த்து, எது தலைப்பு எது எச்சரிக்கை என்று ஆள் வைத்துப் பிரித்தோம். எழுதியவர் எச்2 என்று அடித்திருந்தால் தீர்ந்திருக்கும் வேலை.

பொருளடக்கத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ, ஜாஸ் போன்ற, திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்களில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 2 என்ற விசையைத் தட்டினால் அடுத்த எச்2-வுக்கு. நீளமான பக்கத்தில் தேடியதைக் கண்டுபிடிக்க அவர்கள் முதலில் நாடும் வழிகளில் இது ஒன்று. போலித் தலைப்பு போட்ட பக்கத்தில் அந்த விசை எங்கும் நகராது. ஆரம்பத்திலிருந்து முழுவதையும் கேட்டாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. ஒரு வாக்கியம் பெரிதாகத் தெரியட்டும் என்று அதற்கு எச்3 போடுவது. எச்2 பெரிதாக இருக்கிறது என்று எச்1-க்கு அடுத்து நேராக எச்4-க்கு இறங்குவது. எச்1 முதல் எச்6 வரை உள்ளவை எழுத்தின் அளவுகள் இல்லை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் படிநிலைகள். அளவு பிடிக்கவில்லையா? தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் எச்2-வின் ஃபான்ட் சைஸையும் மார்ஜினையும் (சுற்றிலும் விடும் இடம்) ஒரே இடத்தில் மாற்றுங்கள், எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: ஃபயர்ஃபாக்ஸின் வியூ மெனுவில் பேஜ் ஸ்டைல் என்று இருக்கும், அதில் நோ ஸ்டைல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அலங்காரம் எல்லாம் கழன்ற பிறகும் தலைப்புகள் தலைப்புகளாகத் தெரிந்தால் பக்கம் சரி.

## இடைவெளிக்கு பிஆர், நகர்த்துவதற்கு என்பிஎஸ்பி

எத்தனை முறை எண்டர் தட்டினாலும், எத்தனை ஸ்பேஸ் விட்டாலும் பிரவுசர் அதை ஒரே ஒரு இடைவெளியாகச் சுருக்கிவிடும். இது தெரிந்த மறுநாளே புதியவர்கள் வரியை முறிக்கும் பிஆர் டேக்கை வரிசையாக அடுக்கத் தொடங்குகிறார்கள். பிஆர் என்பது கவிதைக்கும் முகவரிக்கும், அதாவது வரி முறிவு உள்ளடக்கத்தின் பகுதியாகவே இருக்கும் இடங்களுக்கு. பத்திகளுக்கு நடுவே இடம் வேண்டுமென்றால் மார்ஜின்.

உடையாத இடைவெளியான என்பிஎஸ்பி இன்னும் மோசம். அதன் வேலையே வரி உடையாமல் தடுப்பதுதான். 10 கிலோ என்பதில் எண்ணும் அலகும் பிரியாமல் இருக்க ஒன்று போடலாம், அழகான பயன். பத்திருபது போட்டு எழுத்தை நடுவுக்குத் தள்ளினால், கைபேசியில் அந்த வரி மடங்காமல் திரைக்கு வெளியே ஓடக்கூடும்.

## வேர்டிலிருந்து அப்படியே ஒட்டுவது

வேர்டில் தட்டிய கட்டுரையை எடிட்டரில் ஒட்டும்போது எழுத்து மட்டும் வருவதில்லை. பல எடிட்டர்களில் எம்எஸ்ஓநார்மல் என்ற கிளாஸ் (ஸ்டைல் பெயர்), ஃபான்ட் பெயர், எழுத்தளவு, காலி ஸ்பான் டேக்குகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடும். டேக்குக்குள் எழுதிய ஸ்டைல் உங்கள் சிஎஸ்எஸ் கோப்பை மிஞ்சும். அப்புறம் அதை அடக்க, மற்ற விதிகளை மிஞ்சும் இம்பார்ட்டன்ட் என்ற குறிப்பைப் போடுவீர்கள், அதை அடக்க இன்னொரு இம்பார்ட்டன்ட். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும்.

## பத்திக்குள் பட்டியல்

பி டேக்கைத் திறந்து, இரண்டு வாக்கியம் எழுதி, யுஎல் டேக்கில் ஒரு பட்டியல் போட்டு, கடைசியில் பி-யை மூடுகிறீர்கள். பிரவுசர் அப்படிப் படிக்காது. யுஎல்லைக் கண்டதுமே பத்தியைத் தானாக மூடிவிடும். கடைசியில் அநாதையாக நிற்கும் மூடும் டேக்கை ஒரு காலிப் பத்தியாக மாற்றிவிடும். பத்திக்குக் கொடுத்த நிறம் பட்டியலில் வரவில்லை, கீழே காரணமில்லாத ஒரு இடைவெளி என்று புலம்புபவர்கள், பக்கத்தின் டேக்குகளைக் காட்டும் பிரவுசரின் இன்ஸ்பெக்டரைத் திறந்து பாருங்கள். அந்தக் காலிப் பத்தி அங்கே இருக்கும்.

## ஃபான்ட், சென்டர் டேக்குகள்

1999-இல் வந்த எச்டிஎம்எல் 4.01-இலேயே தவிர்க்கச் சொல்லியாகிவிட்டது. விடுங்கள்.

## அடிக்கோடு

இணைப்புக்கு மட்டும்.

## தமிழில் சாய்வெழுத்து

இஎம் (முன்பு சொன்ன அளவு இல்லை, அழுத்தம் காட்டும் டேக்), ஐ டேக்குகள் எழுத்தைச் சாய்த்துக் காட்டும். பெரும்பாலான தமிழ் ஃபான்ட்களில் சாய்வு வடிவம் தனியாகக் கிடையாது. அதனால் நேர் எழுத்தையே பிரவுசர் வலுக்கட்டாயமாகச் சாய்க்கிறது. சின்ன அளவில் சுழிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு படிக்கவே முடியாது. அதற்காக இஎம்மைக் கைவிட வேண்டாம். தமிழ்ப் பக்கத்தில் எச்டிஎம்எல் டேக்கில் மொழியைச் சொல்லும் லாங் மதிப்பை டிஏ (தமிழ்) என்று கொடுங்கள், சிஎஸ்எஸ்ஸில் அந்த மொழிக்கு மட்டும் இஎம்மின் ஃபான்ட் ஸ்டைலை நார்மல் ஆக்கி, எடையையோ நிறத்தையோ மாற்றுங்கள்.