செட் செட்னு குழப்புதா? இப்படி யோசிச்சுப் பாருங்க

இங்கிலீஷ்ல செட்ங்கிற சின்ன வார்த்தைக்கு அர்த்தம் மனப்பாடம் பண்ணிட்டு இருக்கீங்கன்னா தயவுசெஞ்சு நிறுத்திடுங்க, முடியவே முடியாது. 1989ல வந்த ஆக்ஸ்ஃபோர்ட் டிக்ஷனரி ரெண்டாம் பதிப்புல இதுக்கு மட்டும் 430 அர்த்தம், கிட்டத்தட்ட 60,000 வார்த்தைல எழுதியிருக்காங்க (அப்புறம் ரன் (run)ங்கிற வார்த்தை இதை முந்திடுச்சு, அது வேற கதை).

வேர் ரெண்டே ரெண்டுதான், அதைப் பிடிச்சா போதும். ஒண்ணு பழைய இங்கிலீஷ் வார்த்தை 'செட்டன்', உட்கார வைக்கிறதுன்னு அர்த்தம், உட்கார்றதுன்னு அர்த்தம் வர்ற சிட் (sit)ங்கிற வார்த்தையோட சொந்தக்காரன். அலாரம் செட் பண்றது, சிமெண்ட் செட் ஆகுறது, சன்செட்ல சூரியன் கீழ இறங்குறது எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு ஒரு இடத்துல போய் உட்காருதுன்னு நினைச்சுப் பாருங்க, பளிச்சுன்னு புரியும். இன்னொண்ணு லத்தீன் 'செக்டா', பிரெஞ்சு வழியா வந்தது, ஒருத்தரைப் பின்பற்றுற கூட்டம்னு அர்த்தம், பாத்திர செட்னு மொத்தமா சொல்றோமே அதுக்குப் பின்னாடி இதுவும் இருக்கு. காலப்போக்குல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு.

அதனால எங்க செட் பார்த்தாலும் உட்கார வைக்கிறதா, கூட்டமான்னு முதல்ல கேளுங்க, பெரும்பாலும் அங்கேயே விடை கிடைச்சிடும். எனக்கு ரொம்பப் பிடிச்சது அப்செட்தான், ஒரு காலத்துல அதுக்கு நிமிர்த்தி வைக்கிறதுன்னு அர்த்தம், இப்ப நேர் எதிரா கவுத்துப் போடுறதுன்னு ஆகிடுச்சு!

இன்னொண்ணு, ஹீ (he)க்கு அப்புறம் எஸ் இல்லாம வெறும் செட்னு வந்தா அது ஏற்கனவே நடந்து முடிஞ்சது, இதுக்கு பாஸ்ட் டென்ஸும் செட்தான்.