ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் பொலிஸ் முறைப்பாடு செய்வது எப்படி

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியா நிரம்பி வழியும் நாட்களில், பொலிஸாரின் வேலையில் பெரும்பகுதி கிரகரி வாவிக் கரைக்கும் குதிரைப் பந்தயத் திடலுக்கும் நெரிசலான வீதிகளுக்கும் போய்விடுகிறது. உதவிக்கென வெளி மாவட்டங்களிலிருந்து வரும் உத்தியோகத்தர்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே திருட்டு, அடிதடி, தொலைந்த அடையாள அட்டை என்று தோட்டத்திலிருந்து இறங்கி வருபவர் முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதிக் கொண்டு வருவது நல்லது.

இதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆவது பிரிவின்படி, குற்றம் பற்றி வாய்மொழியாகச் சொல்லப்படும் தகவலை, சொன்னவரின் மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்; உத்தியோகத்தருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், தகவல் தருபவரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கும் எழுத முடியாத நிலையில்தான் வேறொரு தேசிய மொழியில் பதியலாம். அப்போதும் தேவையானால் மொழிபெயர்த்து வாசித்துக் காட்ட வேண்டும். விளங்காத மொழியில் எழுதியதை வாசித்துக் காட்டும் முன் கையொப்பமிடாதீர்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்பது அதற்குக் காரணமாகாது.

எழுதும்போது திகதி, நேரம், நடந்தது, சாட்சிகள், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். கைத்தொலைபேசி களவு போயிருந்தால் அதன் பெட்டியிலுள்ள ஐ.எம்.ஈ.ஐ. இலக்கமும் தேவை. இடத்தைச் சொல்வதில்தான் பலர் தவறுகிறார்கள். ‘மேற்கணக்கு’ (தோட்டத்தின் மேல் டிவிஷன்) என்றால் நமக்குப் புரியும், வெளியூர் உத்தியோகத்தருக்குப் புரியாது. தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிஷன், லய இலக்கம், அருகிலுள்ள பிரதான வீதி என்று எழுதுங்கள்.

ஆபத்து நடந்துகொண்டிருந்தால் எழுதிக்கொண்டிராமல் 119 இலக்கத்தை அழையுங்கள். காயமடைந்தவருக்கு அம்பியூலன்ஸ் வேண்டுமானால் 1990. அவசரமில்லாததற்கு வீதி நெரிசல் தொடங்குமுன் காலையிலேயே செல்லுங்கள். உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பக்கமும் இதே முறைதான்.

புறப்படுமுன் முறைப்பாட்டு இலக்கத்தையும் பதிந்த உத்தியோகத்தரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சீசன் முடிந்ததும் அவர் தம் ஊருக்குத் திரும்பிவிடலாம். மே மாதத்தில் விசாரிக்கப் போகும்போது உங்களிடம் இருக்கப்போவது அந்த இலக்கம் மட்டுமே.