கொச்சிக்காய் நடுமுன் மண்ணின் பி.எச் பார்ப்போம்: எழுவான்கரை மணலுக்கு ஒரு செய்முறை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில், கல்லடியில், வளவுக்குள் முதன்முதலாகக் கொச்சிக்காய் (மிளகாய்) வைத்த வருடம், அடுப்புச் சாம்பலை வாரம் தவறாமல் தூரில் போட்டு வந்தேன். சாம்பல் நல்ல பசளை என்று சின்ன வயதிலிருந்தே கேட்ட பழக்கம். இரண்டு மாதத்தில் கொழுந்து இலைகள் மஞ்சளித்தன, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. யூரியா போட்டும் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் மண்ணின் பி.எச்சை, அதாவது அமில கார அளவை, அளந்தேன்: 8.2. மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் இவ்வளவு காரத்தில் அது கரையாது, வேருக்குக் கிடைக்காது.

பி.எச் 7 என்றால் நடுநிலை. குறைந்தால் அமிலம், கூடினால் காரம். ஒரு எண் மாறினால் பத்து மடங்கு மாற்றம், அதனால் 7க்கும் 8க்கும் உள்ள தூரம் சின்னதல்ல. கொச்சிக்காய், தக்காளி இரண்டுக்கும் 6 முதல் 6.8 வரை நல்லது. வற்றாளைக் கிழங்கு 5.5 வரை தாங்கும்.

சரி, அளப்போம். முதலில் மண். நடப்போகும் இடத்தில் ஐந்தாறு புள்ளிகளில் மேல் சருகை ஒதுக்கிவிட்டு, அரை அடி ஆழம் வரை மண் எடுங்கள். சாம்பல் கொட்டிய மூலை, மாட்டுக் கொட்டிலடி வேண்டாம். எல்லாவற்றையும் சுத்தமான வாளியில் கலந்து, நிழலில் காயவிட்டு, அரித்து எடுங்கள்.

அடுத்தது கரைசல். 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லிலீற்றர் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கிணற்றின் பி.எச்சும் அதில் கலந்துவிடும், ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். பி.எச் தாள் பட்டியால் அளப்பதென்றால் மேலே தெளிந்த நீரில் மட்டும் நனையுங்கள், சேறு பட்டால் நிறம் பிழைக்கும். பி.எச் மீற்றர் வைத்திருப்பவர்கள் பி.எச் 4, 7 என்று குறித்து விற்கும் கரைசல்களில் அதைச் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும். இரண்டு முறை அளந்து பாருங்கள்.

இனி வருவதுதான் நம்முடைய கரையோர மணலுக்கு முக்கியம். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதில் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சிப்பித் தூள் இருக்கிறது, அதாவது சுண்ணாம்பு ஏற்கனவே உண்டு. அந்த மண்ணுக்கு டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளும் சாம்பலும் தேவையே இல்லை. கந்தகம் போட்டுப் பி.எச்சை இறக்கலாம் என்பார்கள். ஆனால் அதிலிருந்து வரும் அமிலத்தைச் சிப்பியே தின்றுவிடும், காசுதான் கரையும். நான் கண்ட நல்ல வழி, பையில் அல்லது சாடியில் வேறு மண்ணும் கூட்டெருவும் கலந்து நடுவது. நிலத்தில்தான் நடுவேன் என்றால் குழிக்குக் குழி கூட்டெரு நிறையப் போடுங்கள்.

நுரைக்கவில்லை, பி.எச்சும் 5.5க்குக் கீழே என்றால் டொலமைட் போடலாம். மணல் மண்ணுக்கு ஒரு சதுர மீற்றருக்கு 100 கிராம் போதும். நடுவதற்கு இரண்டு மூன்று கிழமை முந்தித் தூவி, கொத்திக் கலந்து, தண்ணீர் விடுங்கள். யூரியாவோடு சேர்த்துப் போடவே வேண்டாம், தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். ஒன்றரை மாதம் கழித்து மீண்டும் அளந்த பிறகே அடுத்த தடவை பற்றி யோசியுங்கள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மண் வேறு, இந்தக் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம். அங்கே வயலோரம் நடுபவர்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

வாவிக் கரையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பி.எச் சரியாக இருந்தும் இலை நுனி கருகினால் அது உப்பாக இருக்கலாம். பி.எச் தாள் உப்பைக் காட்டாது. கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை வாயில் வைத்துப் பாருங்கள், கரித்தால் அதைச் சாடிச் செடிக்கு ஊற்றாதீர்கள். மாரியில் பீப்பாவில் பிடித்து வைக்கும் மழைத்தண்ணீர் சில சாடிகளுக்காவது உதவும்.