ஜெனரேட்டர் மேடையில், பேனல் தரையில்: வெள்ளத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு தம்பி வரைபடத்தோடு வந்தார். படித்து முடித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு மின் வேலை எடுத்திருக்கிறார். "ஜெனரேட்டருக்கு நாலடி மேடை போட்டிருக்கேன் சார், எவ்ளோ வெள்ளம் வந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். தாளைப் புரட்டினேன். மேடை சரிதான். கரண்ட் போனதும் தானாகவே ஜெனரேட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் ஏ.எம்.எஃப். பேனல் எங்கே என்று கேட்டேன். படிக்கட்டுக்கு அடியில், தரையோடு தரையாக இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே மாதிரி ஒரு படத்தை ஒரு காலத்தில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் மருத்துவமனை, குடிநீர் பம்பு அறை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று மின் வேலை செய்து வருகிறேன். 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் எல்லாவற்றையும் கையில் டெஸ்டரோடு பார்த்தவன். ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதே, மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டாதே என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாக வேலை தெரிந்தவர்களே செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

போன புயலுக்குத் தயாராவது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கி.மீ. வரை காற்று. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. அந்த அடிக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் காற்றையே நினைத்து வேலை செய்தோம். தகரக் கூரைக்குக் கூடுதல் போல்ட், மாடித் தொட்டிக்குக் கட்டு, கம்பத்துக்கு ஸ்டே கம்பி.

நான்கு வருஷம் கழித்து வந்தது தண்ணீர். 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை பதிவானது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்து ஊர்களை அடித்துக்கொண்டு அந்த வெள்ளம் கடலை நோக்கி இறங்கியது. போல்ட் போட்ட கூரைகள் அசையவில்லை. அவற்றின் கீழே இருந்ததெல்லாம் மூழ்கியது.

கடலூரில் தென்பெண்ணை ஒரு பக்கம், கெடிலம் நடுவில், முதுநகர்ப் பக்கம் உப்பனாறும் பரவனாறும். வானத்திலிருந்து வருவது ஒரு தண்ணீர், மேற்கே ஆற்றில் வருவது இன்னொன்று. கிழக்கே கடல் பொங்கியிருந்தால் ஆறு வடிய இடமில்லாமல் முகத்துவாரத்திலேயே திரும்பி நிற்கும். ஒரு கட்டடத்துக்கு வேலை எடுக்கும்போது காற்று, மழை, ஆறு, கடல் என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். கடைசியாக வந்த ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்.

ஜெனரேட்டரை மட்டும் மேலே ஏற்றுவது

கெடிலக் கரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. மொத்த மின் வேலையும் என்னுடையது. ஜெனரேட்டருக்கு மூன்றரை அடி மேடை வேண்டும் என்று வாதாடி வாங்கினேன். அந்த மேடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

2015 நவம்பரில் மழை கொட்டிய அந்த இரவு, வாசலில் மணல் மூட்டை அடுக்கினோம். தெருவில் முழங்கால் தண்ணீர். வாசல் வழியாக ஒரு சொட்டுக்கூட நுழையவில்லை. ஆனால் பேனல் அறையில் தரை ஈரமாகிக்கொண்டே வந்தது. எங்கிருந்து என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளியே டிரான்ஸ்பார்மரிலிருந்து உள்ளே கேபிள் வரும் டிரெஞ்சின் வாயை நான் அடைக்காமல் விட்டிருந்தேன். தெருத் தண்ணீர் அந்தக் குழியில் இறங்கி, தரைக்கடியில் கேபிளோடு கேபிளாக ஓடி, சரியாகப் பேனலின் காலடியில் வந்து எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கழிப்பறைத் தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப் வழியாகவும் சாக்கடை மேலேறியது. மூட்டைகளுக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மட்டம்.

கரண்ட் போனது. ஜெனரேட்டர் மேடைமேல் காய்ந்தபடி நின்றது. கையால் ஸ்டார்ட் செய்தேன், முதல் முயற்சியிலேயே பிடித்தது. பிடித்து என்ன செய்ய? அதன் மின்சாரத்தை வார்டுக்கு அனுப்ப வேண்டிய பேனல் இரண்டடித் தண்ணீருக்குள் இருந்தது.

மாடியில் ஒரு பெரியவர் வென்டிலேட்டரில் இருந்தார். யு.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கியது. அதன்பின் இரண்டு செவிலியர்கள் மாறி மாறி விடியும்வரை மூச்சுக் கொடுக்கும் அம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "அண்ணே, கீழ ஜெனரேட்டர் ஓடுற சத்தம் கேக்குதே, ஏன் கரண்ட் வரல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் வாய் திறக்க முடியவில்லை. காலையில் பெரியவரை டிராக்டரில் ஏற்றி வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் மேலே இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது அடுத்து நடந்ததுதான். தண்ணீர் வடிந்து புதிய பேனல் வந்தது. முதல் மாடிக்குப் போகும் படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்கலாம் என்று சொன்னேன். பழைய கேபிள் அவ்வளவு தூரம் எட்டாது, புதிதாக இழுக்க வேண்டும். "இவ்ளோ பெரிய வெள்ளம் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், இப்பதான் வந்துட்டுப் போயிடுச்சே" என்றது நிர்வாகம். நான் அழுத்திப் பேசவில்லை. அடுத்த வேலை காத்திருந்தது, பாக்கிப் பணமும் வர வேண்டியிருந்தது. பழைய இடத்திலேயே, சுவரில் இருந்த பழைய துளைகளிலேயே மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் ஆனது. டிசம்பர் தொடக்கத்தில் கடலூர் மறுபடி மூழ்கியது. புதிய பேனலும் போனது. கேபிளில் மிச்சம் பிடித்த தொகையைப் போலப் பல மடங்கு இரண்டாவது பேனலுக்குப் போயிற்று. அந்தத் தடவை நோயாளிகளை முன்கூட்டியே மாற்றியிருந்தார்கள், அது ஒன்றுதான் ஆறுதல். தெரியாமல் செய்த முதல் தவறை நான் மன்னித்துவிட்டேன். தெரிந்தே செய்த இரண்டாவதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பெரிய நாடுகளிலும் இதே கதைதான். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் 2ஆம், 4ஆம் உலைகளுக்குரிய தலா ஒரு ஜெனரேட்டர் ஆழிப்பேரலையில் மூழ்கவில்லை. அவற்றின் மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பேனல்கள் மூழ்கிவிட்டதால் இரண்டும் உதவாமல் போயின. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலே தள்ளும் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கின. ஊழியர்கள் டீசலைக் கையோடு கையாகப் படிக்கட்டில் மேலேற்றினார்கள், கடைசியில் நோயாளிகளையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஏன் இப்படித் திரும்பத் திரும்ப நடக்கிறது? என் அனுபவத்தில் ஒரே காரணம், ஆளுக்கொரு ஒப்பந்தம். மேடை சிவில்காரருடையது. ஜெனரேட்டரை இறக்கி வைப்பது அந்தக் கம்பெனி. பேனல் மின் ஒப்பந்தக்காரர். சிலிண்டர்களை இணைக்கும் ஆக்ஸிஜன் மேனிஃபோல்டு இன்னொருவர், லிஃப்ட் வேறொருவர். அவரவர் வேலை அவரவர் தாளில் சுத்தமாக இருக்கும். டீசல் டேங்கிலிருந்து கட்டில் தலைமாட்டு பிளக் பாயின்ட் வரை ஒரு முழு நடை நடந்து பார்க்கிற ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

அந்த ஆளாக நீங்கள் இருங்கள். டேங்க், டீசல் பம்பு, ஸ்டார்ட்டிங் பேட்டரி, ஏ.எம்.எஃப். பேனல், மெயின் போர்டு, யு.பி.எஸ். பேட்டரிகள், ஆக்ஸிஜன் அறை, சம்ப் மோட்டாரின் ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போங்கள். எது மிகத் தாழ்வாக இருக்கிறதோ அதுதான் அந்தக் கட்டடத்தின் உண்மையான உயரம். கேபிள் நுழையும் இடத்தை வெறும் சிமென்ட் பூசி ஏமாற்றாதீர்கள். முடிந்தால் கேபிளை வெளிச்சுவரிலேயே மேலே ஏற்றி, வெள்ள மட்டத்துக்கு மேல் உள்ளே நுழையுங்கள். முடியாவிட்டால் கேபிளைச் சுற்றி இறுகப் பிடிக்கும் கிளாண்ட் தட்டு வைத்து முறையாக சீல் செய்து, ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்பும் திறந்து பாருங்கள். எலி கடித்து ஓட்டை போட்டிருக்கும்.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்போ கேபிள் எஸ்டிமேட்ட மாத்தணும் சார்" என்றார். மாற்றுங்கள் என்றேன்.

உயரத்தைத் தரையிலிருந்து அளப்பது

மூன்றரை அடி என்றால் எதிலிருந்து மூன்றரை அடி? தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் மேடை சில அங்குலம் தாழ்கிறது. பழைய வீடுகளில் வாசற்படி ஏறிப் போனவர்கள் இன்று இறங்கிப் போகிறார்கள்.

2015க்குப் பிறகு நான் செய்வது இது. அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம், 2015இல், 2024இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்பேன். சுவரில் கறை இருந்தால் காட்டுவார்கள், இல்லாவிட்டால் "இந்த ஜன்னல் கட்டை வரைக்கும்" என்பார்கள். அந்த மட்டத்தை மேஸ்திரியின் டியூப் லெவல் வைத்து எங்கள் கட்டடத்துக்குள் கொண்டுவந்து எல்லா அறைச் சுவரிலும் நீலக் கோடு போடுவேன். அதற்கு இரண்டடி மேலே சிவப்புக் கோடு. சிவப்புக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் காட்டி, "இது மூழ்கினால் எது எது ஓடாமல் நின்றுபோகும்?" என்று உரிமையாளரிடம் கேட்பேன். கோட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் கேபிளுக்குப் பணம் தருகிறார்கள்.

மழை நின்றதும் மூச்சு விடுவது

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 49 செ.மீ. மழை. கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவம் வர வேண்டியிருந்தது. பிறகு இங்கே மழை குறைந்தது. மேலே ஏற்றிய பொருள்களைப் பலர் கீழே இறக்க ஆரம்பித்தார்கள்.

அதே நேரத்தில் மேற்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணைக்குத்தான். டிசம்பர் 2 அன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம் தாண்டி அது கடலூர் வந்து சேர்ந்தபோது எங்கள் தலைக்குமேல் பெரிய மழையே இல்லை.

கடலூரில் வேலை செய்கிறவர் உள்ளூர் மழையோடு சாத்தனூர் நீர்வரத்தையும் பார்க்க வேண்டும். கெடிலம், பரவனாறு பக்கம் என்றால் நெய்வேலி, பண்ருட்டி மழை அளவைப் பாருங்கள். அணை திறந்த செய்திக்கும் நம் வாசலுக்கும் நடுவே சில மணி நேரம் கிடைக்கிறது. லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தவும், சிலிண்டர்களை மாற்றவும், நோயாளியை அனுப்பவும் அது போதும்.

தள்ளிய தண்ணீர் திரும்பி வருவதைப் பார்க்காதது

வடிகால் பம்பு ஓடுகிறது, தண்ணீர் குறையவே இல்லை என்று நடுராத்திரியில் அழைப்பார்கள். போய்ப் பார்த்தால், குழாய் விழுகிற வாய்க்காலின் மட்டம் குழாய்க்கு மேலே போயிருக்கும். குழாயின் வாயில் ஒருவழி வால்வு இருக்காது. பம்பை நிறுத்திய நிமிடமே வாய்க்கால் உள்ளே வரும். வால்வு இருந்தாலும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் சிக்கி மூடாமல் நிற்கும். உறிஞ்சும் பக்கத்து வலையைச் சுத்தம் செய்ய இரவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சோறும், நிற்க ஒரு மேடையும் வேண்டும். பம்பு வாங்கும்போது இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐந்து நிமிடம் சும்மா ஓட்டிப் பார்ப்பது

அது சோதனை ஆகாது. மாதம் ஒருமுறை மெயினை இறக்கிவிட்டு, உண்மையான லோடோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நான் பார்த்தது செத்த பேட்டரிதான்.

டீசல் பங்க்கை நம்புவது

தானேவுக்குப் பிறகு பங்க்கிலும் கரண்ட் இல்லை.

எண்களைச் செல்பேசியில் மட்டும் வைப்பது

கட்டுப்பாட்டு அறை 1077, வயர்மேன், ஆக்ஸிஜன் வண்டி. எல்லாவற்றையும் சுவரில் பெயின்ட்டால் எழுதுங்கள்.

சேஞ்ச்ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரை லைனில் மாட்டுவது

மெயினையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கும் அந்தச் சுவிட்ச் இல்லாவிட்டால் ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனுக்குப் போகும், கம்பத்தின் மேல் ஏறியிருக்கும் லைன்மேன் செத்துப்போவார்.

வடிந்ததும் சுவிட்சைப் போடுவது

வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். முதுநகர்ப் பக்கம் வருவது உப்பு கலந்த தண்ணீர். காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே இருக்கும், அடுத்த பனியில் ஈரத்தை இழுக்கும், ஒரு மாதம் கழித்து வெடிக்கும். ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அப்புறம் காயவையுங்கள். மோட்டாரைக் கழற்றிக் கழுவி, சூடேற்றி உலர்த்தி, கரண்ட் கசிகிறதா என்று மெகர் கருவி வைத்துப் பார்த்து, ரீடிங் சரியாக வந்தால் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் ரீவைண்டிங். ஷார்ட் ஆனால் கரண்டைத் தானாக நிறுத்தும் எம்.சி.பி., எம்.சி.சி.பி. சுவிட்சுகள் தண்ணீரில் முழுகியிருந்தால், அவற்றை மட்டும் எவ்வளவு விலையானாலும் திரும்ப மாட்டாதீர்கள். வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், நெம்புகோலும் டக்கென்று விழும். உள்ளே சேறு பிடித்த டிரிப், ஷார்ட் ஆகும் நாளில் விழாது. கழற்றியவுடன் அங்கேயே சுத்தியலால் அடித்து உடைத்துப் போடுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது துடைத்து விற்றுவிடுவார்கள்.