கட்டிங் மெஷின் பக்கத்தில் ஒட்டும் பாதுகாப்பு போஸ்டர்

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு போஸ்டர் செய்கிறீர்களா? ஒரு தாளுக்கு ஒரே விஷயம். 'பாதுகாப்பாக வேலை செய்வீர்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'ஸ்டீல் கிளவுஸ் போட்டுத் துணி வெட்டுங்கள்' என்று எழுதி, கிளவுஸ் மாட்டிய கை துணியை அழுத்திப் பிடித்திருப்பதை உங்கள் மெஷினிலேயே போட்டோ எடுத்துப் பெரிதாகப் போடுங்கள். பீகார், ஒடிசாக்காரர்கள் இருந்தால் இந்தி, ஒடியாவிலும் ஒரு வரி கட்டாயம். நிறத்துக்கு ஐஎஸ்ஓ 7010 என்ற, பாதுகாப்புக் குறிகளுக்கான உலகத் தரம் இருக்கிறது: தடைக்குச் சிவப்பு வட்டமும் குறுக்குக்கோடும், எச்சரிக்கைக்கு மஞ்சள் முக்கோணம், கட்டாயத்துக்கு நீல வட்டம். கிளவுஸுக்கு நீலம்தான். அப்புறம், ஆபீஸ் சுவரில் ஒட்டாதீர்கள், மெஷினுக்கு நேரே கண் உயரத்தில் ஒட்டுங்கள், பஞ்சுத்தூசி படிந்து மங்கினால் மாற்றுங்கள். ஒட்டும் முன் கட்டிங் மாஸ்டரிடம் ஐந்து நொடி காட்டி, "என்ன புரிஞ்சதுங்கண்ணா?" என்று கேளுங்கள்.